மிஸ் மற்றும் குழுவினர்

நாற்பது நிமிஷம் ஆடாம அசையாம உக்காரணுமாம். ஆடினா டை கழுத்துல வழியும், வழிஞ்சா ரெண்டு நாளைக்குக் கறை போகாது, சொறியாதே, துண்டால துடைக்காதேன்னு என் பொண்ணு பியூலா வரிசையா சட்டம் போட்டுட்டு ஹாலுக்குப் போயிட்டா. நான் இங்க பின்பக்கம் வாஷிங் மெஷினுக்கும் பினாயில் பாட்டிலுக்கும் நடுவுல பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். எழுபத்தஞ்சு வயசுல எனக்கு எதுக்கு டை? கேட்டேனே, கேட்காம இருப்பேனா. "நாலு மணிக்கு ஆள் வராங்கம்மா, அப்பாவை வீடியோ எடுப்பாங்க, நீ காபி கொண்டு வந்து வைக்கும்போது வெள்ளைத் தலையோட வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"னா. காபி கொண்டு வந்து வைக்கும்போது. அந்த ரெண்டு செகண்டுக்குத்தான் இத்தனை அலங்காரம். ஹால்ல மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கார் எங்க வீட்டுக்காரர் தயாளன், எண்பத்தோரு வயசு, முழுக்கைச் சட்டை, காதுல மெஷின், மடியில கிட்டார். நாலு தந்தி அறுந்து போன கிட்டார். வீடியோல தெரியாதாம், அதனால பரவாயில்லையாம். தொண்டையைக் கனைச்சுக் கனைச்சு ஒத்திகை பார்க்கிறார், "அறுபத்தேழுல நாங்க பெரம்பூர்ல ஒரு குரூப் வெச்சிருந்தோம்"னு. நாங்களாம். அந்த நாங்கள்ல நான் இருக்கேனா இல்லையான்னு இன்னிக்கு நாலு மணிக்குத் தெரிஞ்சுடும். சொல்லுவாரா, மாட்டாரா? காலையிலிருந்து என் மண்டைக்குள்ள இது ஒண்ணுதான் ஓடிக்கிட்டு இருக்கு. அந்தப் பாட்டைப் பாடினது என் பொண்டாட்டின்னு அந்த மனுஷன் வாயிலிருந்து வருமா வராதா. ஐம்பத்தேழு வருஷமா வரல. வாயில கொழுக்கட்டை.

எல்லாம் போன மாசம் ஆரம்பிச்சது. எந்தப் பழைய சாமான் கடையில எவன் கையில கிடைச்சுதோ, எங்க ரெக்கார்டை, பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்குமே அந்தச் சின்ன ரெக்கார்டு, அதை எடுத்துத் துடைச்சு இன்டர்நெட்டுல போட்டுட்டான். அறுபதுகள்ல உலகத்துல யாரும் கண்டுக்காம விட்ட பாப் பாட்டு, சோல் பாட்டெல்லாம் தேடித் தேடி எடுக்கிற கூட்டம் ஒண்ணு இருக்காம். அது கேட்டுட்டு மயங்கி விழுந்துடுச்சு. ஐரோப்பாவுல ஒரு கம்பெனி அதை மறுபடியும் ரெக்கார்டாவே போடப் போகுதாம், மத்த மறந்து போன பாட்டுகளோட சேர்த்து. சோல்னா ஆத்மாவாம், பியூலா விளக்கம் சொல்றா எனக்கு. எனக்குத் தெரியாதாக்கும்! போன ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து சாப்பிட உக்காந்தோம், நான் ரசம் ஊத்திக்கிட்டு இருக்கேன், அவங்க அனுப்பின அட்டைப் படத்தை போன்ல பார்த்துட்டு பியூலா சிரிக்க ஆரம்பிச்சா, சிரிப்புன்னா சிரிப்பு, சோத்துக் கையோட மேஜையைத் தட்டித் தட்டி. "அப்பா, இதைக் கேளேன். ரெக்கார்டுல 'ஜோ தயாளன் மற்றும் குழுவினர்'னு தமிழ்ல போட்டிருக்கு இல்ல, இவனுங்க அதை ஆள் பேருன்னு நினைச்சுட்டானுங்க. 'ஜோ தயாளன், மிஸ் மற்றும் குழுவினர்'னு போட்டிருக்கானுங்க! பேரு மற்றும், வீட்டுப் பேரு குழுவினர்! யார் இந்த மர்மப் பெண், எங்கே போனார் மற்றும்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கான்பா!" சிரிப்பு வராதா? எனக்கே வந்திருக்கும், அடுத்தவ கதையா இருந்தா. அவரும் சிரிச்சார். கண்ணுல தண்ணி வர, ரசம் புரையேறி, நான்தான் தலையில தட்டி தண்ணி எடுத்துக் கொடுத்தேன். என் கையால. தண்ணியை வாங்கிக் குடிச்சுட்டு என் மூஞ்சைப் பார்க்கல அந்த மனுஷன். டம்ளரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கழுவுற மீன்ல நழுவுற மீன். நான் ரசத்தை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

அவர் அந்தப் பாட்டுல என்ன பாடினார்? ரெண்டு இடத்துல "ஏ ஹே". அவ்வளவுதான். மீதி மூணு நிமிஷம் நான். "தட்டாதே தட்டாதே, தாழ்ப்பாள் போட்டாச்சு"ன்னு ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் நான், இந்த மனோரஞ்சிதம், ஹெட்மாஸ்டர் சாமுவேல் மக. குழுவாம் குழு, குழுன்னு பாடினது நான் ஒருத்திதான். அந்த வார்த்தையை யார் போடச் சொன்னது? அதைத்தான் யோசிக்காம இருக்கணும்னு பார்க்கிறேன், மனசு சுத்திச் சுத்தி அங்கேயே வந்து மாட்டுது, சேலை ஆணியில மாட்டுற மாதிரி. நான்தான் சொன்னேன். ஆமா. பதினெட்டு வயசு, டைப்ரைட்டிங் கிளாஸ்னு சொல்லிட்டு வந்திருக்கேன், பேர் போட்டா அப்பா தோலை உரிச்சுடுவார். ஆத்துமா, ராகம், தாளம் எல்லாம் அவருக்கு ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம், மத்தபடி பொம்பளைக் குரல் வாசல் தாண்டக்கூடாது. "என் பேர் வேணாங்க, பொதுவா குழுவினர்னு போட்டுடுங்க"ன்னு கம்பெனிக்காரர்கிட்ட நானே கெஞ்சினேன். மே மாசம், மவுண்ட் ரோடு பக்கம் மாடியில ஒரு ரூம், சத்தம் விழும்னு ஃபேனை நிறுத்திட்டாங்க, எல்லாருக்கும் ஒரே மைக். டிரம்பெட்காரரை சுவரைப் பார்க்க நிக்க வெச்சாங்க, அவர் சத்தம் தாங்கல. எனக்கு மைக் எட்டலேன்னு மரப்பெட்டி மேல ஏத்தி விட்டாங்க, சிநேகிதிகிட்ட வாங்கின ஹீல்ஸ் வேற, ஒரு அளவு சின்னது, குதிகால் தோல் உரிஞ்சு எரியுது. அந்தப் பெட்டியில நின்னு பாடினதைக் கேட்டுட்டு இப்ப ஜனங்க எழுதுறாங்களாம், பியூலா படிச்சுக் காட்டினா, "இந்தக் குரலில் எத்தனை யுகத்து வலி!" வலியாம். ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியும். நேத்து அவ போன்ல நான் கேட்டேன், இத்தனை வருஷத்துக்கு அப்புறம், வெண்டைக்கா நறுக்கிக்கிட்டே, ஒண்ணும் தெரியாதவ மாதிரி. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கிறது கேட்டுது. நான் இழுத்த மூச்சு. கத்தியைக் கீழ வெச்சுட்டேன். "என்னம்மா, பிடிக்கலையா?"ன்னு கேக்கிறா அவ.

தலை அரிக்குது. சொறியக் கூடாது. எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு தெரியல, கடிகாரம் ஹால்ல இருக்கு. சரி, நான் வேணாம்னு சொன்னேன், ஒத்துக்கிறேன். ஆனா கல்யாணத்துக்கு அப்புறம்? அறுபத்தொம்பதுல அவரையே கட்டிக்கிட்டேனே, அதுக்கு அப்புறம் எந்த அப்பனுக்குப் பயம்? கல்யாணம் ஆகி மூணாவது மாசம், அவங்க வீட்டுல, மாமியார் அரிசியில கல் பொறுக்கிக்கிட்டு இருக்காங்க, பக்கத்துல நான் புளி கரைக்கிறேன். ரேடியோவுல திடீர்னு வருது. தட்டாதே தட்டாதே. சிலோன்ல போட்டுட்டாங்க. புளித்தண்ணி முழங்கையில வழியுது, எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் உயிர் போகுது. மாமியார் முறத்தை வெச்சுட்டு மூஞ்சைச் சுளிச்சாங்க. "என்னடா கத்தல் இது? நல்ல குடும்பத்துப் பொண்ணு மேடையேறிக் கத்துவாளா? யாருடா இவ?" அவர் ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தார். சோப்பு நுரையோட திரும்பினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "யாரோ ஒருத்திம்மா"ன்னார். யாரோ ஒருத்தி. சொல்லிட்டு மறுபடி ஷேவ் பண்ண ஆரம்பிச்சுட்டார், ஒரு கீறல் இல்ல கன்னத்துல! இதுல கொடுமை என்ன தெரியுமா, எனக்கு அப்ப கோவம் வரல. அப்பாடான்னு இருந்தது. என்னைக் காப்பாத்திட்டார்னு நினைச்சேன், அன்னிக்கு அவருக்கு ஒரு அப்பளம் கூடப் பொரிச்சுப் போட்டேன். அப்பளம்! இப்ப நினைச்சா என்னை நானே அறையணும்போல இருக்கு. அப்புறம் கம்பெனிக்காரங்க அதே பொண்ணை வெச்சு இன்னொரு ரெக்கார்டு போடலாம்னு கூப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு ஆஸ்திரேலியா போயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டார், அடுத்த தெருவுல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருக்கிறேன் நான். முப்பத்தாறு வருஷம் "நம்பர் சொல்லுங்க, லைன்ல இருங்க"ன்னு அந்தக் குரலை அப்படியே தேய்ச்சேன். ரெண்டு வாரம் முன்னாடி இப்ப வரப்போற ஆள் போன் பண்ணினப்பவும் அதே ஆஸ்திரேலியா. அடுப்படியில நின்னு கேட்டேன். "அந்தப் பொண்ணுங்களா, நல்ல பொண்ணு, ஆஸ்திரேலியாவுல செட்டில் ஆயிட்டா, அப்புறம் தொடர்பு இல்லீங்க." தொடர்பு இல்லையாம்! மூணு வேளை சோறு எங்கிருந்து வருது மனுஷா, மெல்போர்ன்லேர்ந்தா?

நீயே போய்ச் சொல்லேன்டி, வாய் இருக்கில்லன்னு மனசு கேட்டா, அதுலயும் ஒரு முடிச்சு வந்து விழுது. சொன்னா யார் நம்புவா? கிழவிக்கு ஆசையைப் பாருன்னு சிரிப்பாங்க. சரி பாடிக் காட்டுங்கன்னா? இப்ப வாய்க்குள்ளேயே மெதுவா முயற்சி பண்ணிப் பார்த்தேன், "தட்டாதே"ன்னு, ரெண்டாவது "தே"யில தொண்டை கரகரன்னு உடைஞ்சு இருமல்ல முடிஞ்சுது. பினாயில் வாசனையும் டை வாசனையும் சேர்ந்து கண் எரியுது. பயமாத்தான் இருக்கு, ஏன் மறைக்கணும். அந்தப் பொண்ணு ரெக்கார்டுல ஓயாம பாடிக்கிட்டே இருக்கா, பதினெட்டு வயசுலேயே நிக்கிறா. நாந்தான் அவள்னு நான் போய் நின்னா அவளே என்னை யாரோ ஒருத்தின்னு சொல்லிடுவா போல. அதை விடப் பெரிய பயம் பியூலா. அவ மூஞ்சை எப்படிப் பார்ப்பேன்? எண்பத்தெட்டுல, பதினாறு வயசு அவளுக்கு, ஸ்கூல்ல பாடினதைக் கேட்டுட்டு ஒரு லைட் மியூசிக் குழுவுல கூப்பிட்டாங்க. ஓடி வந்தா வீட்டுக்கு, செருப்பைக்கூடக் கழட்டல. அவ அப்பா வழக்கம் போல டம்ளரைப் பார்த்தார். நான் சொன்னேன். நான், என் வாயால. "நல்ல குடும்பத்துப் பொண்ணு மேடையேறிக் கத்துவாளா?" மாமியார் செத்து மூணு வருஷம் ஆயிருந்தது, ஒரு எழுத்து மாறாம என் வாய்ல வந்து உக்காந்துக்கிட்டாங்க. புள்ளை அழுதுட்டுப் படுத்துட்டா. மறுநாள் எழுந்து பள்ளிக்கூடம் போனா, அதுக்கப்புறம் கோயில்ல பாடுற ஞானப்பாட்டைத் தவிர அவ பாடி நான் கேட்டதில்லை. அவரை மட்டும் திட்டிக்கிட்டு இருக்கலாம்னு பார்த்தா எங்கே விடுது. மேல இருக்கிறவர் எனக்கு ஒரு குரலைக் கொடுத்தார், நாங்க மூணு நாலு பேர் சேர்ந்து அதைத் துணியில சுத்திப் பரண்ல போட்டோம், போதாததுக்கு அவ குரலையும் சேர்த்துப் போட்டேன்.

பெல் அடிக்குது. நாலு ஆகலையே, மூணரைகூட இருக்காது. "வாங்க வாங்க, டிராஃபிக் இல்லையா?"ன்னு பியூலா குரல். எட்டிப் பார்க்கிறேன், நாப்பது வயசுக்காரர், வழுக்கை, தோள்ல கனமான பை, செருப்பைக் கழட்டி வாசல்ல ஒழுங்கா வெக்கிறார். கோயம்புத்தூர்லேர்ந்து வந்திருக்காராம், பேர் சேரலாதனாம், இங்க கம்பெனிக்கு ஆள் அவர்தானாம். தண்ணி கொடுத்தாச்சு. கேமராவை நிக்க வெச்சாச்சு. எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சுட்டார், அறுபத்தேழு, பெரம்பூர், நாங்க, குரூப், அவர் எழுதின மெட்டு, அவர் வாங்கின கிட்டார். பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். வந்தவர் உம் கொட்டுறார், ஆனா உம் கொட்டுற விதத்துலேயே தெரியுது, எக்ஸ்சேஞ்சுல உக்காந்தவளுக்குத் தெரியாதா, காத்துக்கிட்டு இருக்கார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க"ங்கிறார் கடைசியில. "உண்மையைச் சொன்னா, உலகம் பூரா எல்லாரும் கேக்கிறது அந்தப் பொண்ணைப் பத்தித்தான். பாட்டைக் கேட்டுட்டு உங்க பேரைக்கூட யாரும் சரியா ஞாபகம் வெச்சுக்கிறதில்லை. அவங்களைக் கண்டுபிடிச்சாகணும். ஆஸ்திரேலியாவுல எந்த ஊருன்னாவது தெரியுமா சார்?" கிட்டார்ல ஒரு தந்தி டொய்ங்குது. நான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கிறேன். சொல்லு மனுஷா. சொல்லித் தொலை. இந்த ஒரு தரம். அப்ப அவர் சிரிக்கிற சத்தம் கேக்குது, பெரிய சிரிப்பு, மாயாஜாலக்காரன் தொப்பியிலேர்ந்து முயல் எடுக்கிறதுக்கு முன்னாடி சிரிப்பானே அது. "ஆஸ்திரேலியாவாவது ஒண்ணாவது! சஸ்பென்ஸா இருக்கட்டும்னு வெச்சிருந்தேன். அது வேற யாரும் இல்லீங்க, நம்ம வொய்ஃப்தான். ரஞ்சி! ரஞ்சி, இங்க வா! நான்தாங்க அடி அடியா சொல்லிக் கொடுத்தேன் இவளுக்கு. தாளம்னா என்னன்னே தெரியாது, பச்சைக் களிமண், நான் பிடிச்சு வெச்சதுதான் அந்தக் குரலு."

ஐம்பத்தேழு வருஷம் இந்த வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வந்துடுச்சு. இப்படியா வரணும்? ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு, இத்தனை வருஷம் எவளோ ஒருத்தியோடதா இருந்தது, உலகம் கேட்டு வந்ததும் இவரோடதா ஆயிடுச்சு. என்னோடதா ஆகறதுக்கு நடுவுல ஒரு நிமிஷம்கூட இல்லை! சஸ்பென்ஸாம். கோவத்துல கால் தானா நடக்குது, தலையில டை, தோள்ல துண்டு, அப்படியே ஹாலுக்குப் போய் நின்னேன். பியூலா வாயைத் திறந்தபடி நிக்கிறா. வந்தவர் சட்டுன்னு எழுந்து கை கூப்பினார், அவருக்குக் கண்ணு கலங்கியிருக்கு, பாவம். "உக்காருங்க தம்பி"ன்னேன். "கேமரா ஓடுதா? ஓடட்டும். இவர் சொல்லிக் கொடுத்தார், அது நிஜம்தான். குயில் மாதிரிப் பாடு, குழைஞ்சு பாடுன்னு சொல்லிக் கொடுத்தார். அந்த மாதிரி ரெண்டு தடவை பாடினேன். ரெண்டும் நல்லா இல்லேன்னு தள்ளிட்டாங்க. அப்ப பத்து ஆம்பளைங்க முன்னாடி இவர் சொன்னார், 'உனக்கு இதெல்லாம் வராது, போய் டைப் அடி'ன்னு. மூணாவது தடவை வந்த ஆத்திரத்துல இவர் மூஞ்சைப் பார்த்துக் கத்தினேன். அதைத்தான் நீங்க வலி வலின்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க. இவர் சொன்ன மாதிரிப் பாடியிருந்தா இந்த வெயில்ல கோயம்புத்தூர்லேர்ந்து யார் வரப் போறா?" அவர் காது மெஷினைத் தடவினார், கேக்காத மாதிரி. கேட்டுது. நல்லாக் கேட்டுது.

"அம்மா"ன்னா பியூலா. மெதுவாத்தான் கேட்டா, சண்டைக் குரல் இல்லை. "அப்ப என்னை ஏன்மா விடல?" ஆள் இருக்கும்போது கேட்டுட்டா. பதில் இருக்கு, அது ஒரு வரியில சொல்றதில்லை, அவளை உக்கார வெச்சு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, முதல்லேர்ந்து சொல்லணும். "சொல்றேன்டி"ன்னேன். "இன்னிக்கே சொல்றேன்." அவ தலையாட்டினா, மூஞ்சைத் திருப்பிக்கிட்டா. வந்தவருக்கு என்ன பண்றதுன்னு தெரியல, நோட்டை எடுத்து மடியில வெச்சுக்கிட்டார். "அட்டை இன்னும் அச்சுக்குப் போகலைங்கம்மா. மாத்திடலாம். உங்க பேரு?" மனோரஞ்சிதம்னேன். "மனோரஞ்சிதம் தயாளன்னு போட்டுக்குங்க"ன்னு சோபாவிலேர்ந்து குரல் வருது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார். வந்தவர் பேனாவைப் பிடிச்சபடியே கேட்டார், "இனிஷியல் என்னங்கம்மா போடட்டும்? உங்க அப்பாவோடதா, சாரோடதா?" எஸ்ஸுன்னா எங்க அப்பா சாமுவேல், எவருக்குப் பயந்து ஒளிஞ்சேனோ அவர். டீன்னா இந்த மனுஷன். ரெண்டு பேரும் என் பேருக்கு முன்னாடி வந்து நிக்கப் பார்க்கிறாங்க, ஒருத்தர் கல்லறையிலேர்ந்து, ஒருத்தர் சோபாவிலேர்ந்து.

"எந்த இனிஷியலும் வேணாம் தம்பி"ன்னேன். "வெறும் மனோரஞ்சிதம். எழுதிட்டுக் காட்டுங்க, நான் பார்க்கணும்."